கூரையில்லாத நரம்பு

“பல்லைக் காட்டுங்க ஐயா!” என்று சிஸ்டர் புஷ்பம் குனிந்து சத்தம் போட்டாள். கன்னியப்பன் காட்டினார். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக, கேட்டவுடனே, எதிர்க்கேள்வி எதுவும் கேட்காமல். தாசில்தாருக்குக் காட்டாத பல், ஓட்டுக் கேட்டு வந்த எந்தக் கரைவேட்டிக்கும் காட்டாத பல், பச்சைத் துணியை விலக்கிவிட்ட இடைவெளி வழியாக இப்போது ஒரு நர்ஸுக்குக் காட்டப்படுகிறது. அவளும் அடுப்பில் பால் பொங்கிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பவளைப் போலப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் சமமா வருது மேடம்” என்கிறாள். சமமாம். சமம் என்ற சொல்லை இவர் எத்தனை துண்டறிக்கையில் அச்சடித்திருப்பார், கடைசியில் அது வந்து சேர்ந்த இடம் அவருடைய வாயின் இரண்டு ஓரம். இடது காது மேலே பார்த்திருக்கத் தலையைத் திருப்பி வைத்திருந்தார்கள். முழு மயக்கம் கிடையாது, காதைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி. அந்த ஊசி எலும்பின் மேல் உரசிக்கொண்டு போனபோது கன்னியப்பன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார், ஆனால் முனகவில்லை. முனகினால் அந்தப் பயிற்சி டாக்டர்ப் பையனுக்குச் சந்தோஷமாகிவிடும். நேற்று ஒப்புதல் படிவத்தை நீட்டி “இங்க ஒரு கையெழுத்து, பெரியவரே” என்று அவன் சொன்னதும், இவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, வரிவரியாக, ஆள்காட்டி விரலை ஓடவிட்டுப் படித்ததும், படித்து முடித்து அடியில் தன் கையாலேயே ஒரு வரி எழுதிச் சேர்த்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. “இது கவர்மெண்ட் ஃபாரம், இதுல எழுதக்கூடாது.” “தம்பி, மனுசன் எழுதின காகிதத்துல மனுசன் எழுதக்கூடாதா?” டாக்டர் பர்வீன் வந்து படித்துப் பார்த்தார். ‘முகத்து நரம்பு குறுக்கே இருந்தால் வேலையை நிறுத்தி என்னிடம் கேட்டு, என் பதில் பெற்ற பிறகே மேற்கொண்டு செய்யவேண்டும்.’ படித்துவிட்டுச் சிரித்தார், பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். முப்பத்தெட்டு வயது இருக்குமா அந்த அம்மாவுக்கு? அதிகாரியாக இருந்துகொண்டு ஒரு கோரிக்கையை உடனே ஏற்றவர்களைக் கன்னியப்பன் விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். அவர் சொல்வதை சிஸ்டர் வாங்கி, உரக்கத் திருப்பிச் சொல்கிறாள். அது பழகிய ஏற்பாடுதான். முப்பது வருஷம் வேதவல்லி அப்படித்தான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் வாங்கி அவர் காதில் ஓங்கிப் போடுவாள், தேவையில்லாத கேள்வியாக இருந்தால் பாதியை அவளே விழுங்கிவிடுவாள். ஊர் அவளை மனைவி என்று சொல்லவில்லை, ‘தலைவரோட காது’ என்றது. அந்தக் காது இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, குரல் இல்லாமல்.

போன வருஷம் கழுத்தில் கட்டி எடுத்தபோது அவளுக்குக் குரல் போனது. போனது என்றால் முழுக்கப் போகவில்லை, காற்று வருகிறது, உதடு அசைகிறது, பக்கத்து வீட்டுக்காரிக்கு எல்லாம் புரிகிறது, கன்னியப்பனுக்கு மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரே அறைக்குள் இரண்டு பேர், ஒருவருக்குக் காது இல்லை, இன்னொருத்திக்குக் குரல் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டில், இந்த விளக்கு, இந்த ஊசி. மற்றவர்களிடம் வேறு காரணம் சொல்லியிருக்கிறார். இயக்க வேலைக்குக் காது தேவைப்படுகிறது என்று. பொய். எந்த இயக்கம்? மூன்று பேர் வருகிறார்கள், அதில் ஒருவன் டீக்காக வருகிறான். பொய் என்றதும் அந்தப் பெரிய பொய் ஞாபகத்துக்கு வந்தது, துணிக்குள் அவருக்கு வெட்கமாக இருந்தது, முகம் மூடியிருப்பது நல்லதாகப் போயிற்று. இருபத்து மூன்று வயதில் லாக்கப்பில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இடது கன்னத்தில் அறைந்தான். அறைந்தது உண்மை. நான்கு நாள் உள்ளே வைத்ததும் உண்மை. வெளியே வந்ததும் தோழர்கள் துண்டறிக்கை போட்டார்கள்: ‘உழைக்கும் மக்களுக்காகத் தன் செவிகளைக் கொடுத்த தோழர்.’ அதைப் படித்ததும் இவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு கன்னத்தில் அறைந்தால் இரண்டு காதும் எப்படிப் போகும் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. மேடையில் ஏறி, காதைத் தொட்டுக் காட்டி, “இது அரசாங்கம் எனக்குக் கொடுத்த பென்ஷன்” என்பார், கைதட்டும் கைகள் தெரியும், சத்தம் தூரத்தில் மழை மாதிரி. நாற்பது வருஷம். போன மாதம் டாக்டர் பர்வீன் ஸ்கேன் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்தார். வேதவல்லியும் கூட இருந்தாள். “ஐயா, இது பிறவியிலேயே இப்படி. காதுக்குள்ள மூணு குட்டி எலும்பு இருக்கும், ஒண்ணு தட்டினா அடுத்தது தட்டும். கடைசி எலும்பு, குதிரை மேல ஏறக் கால் வைப்பாங்களே, அந்த வளையம் மாதிரி. உங்களுக்கு அது அசையவே அசையாம உறைஞ்சு போய் உருவாகியிருக்கு. ரெண்டு காதுலயும்.” சிஸ்டர் உரக்கத் திருப்பிச் சொன்னாள். “போலீஸ் அடிச்சாங்கம்மா” என்றார் இவர். “அடிச்சிருக்கலாம் ஐயா. ஆனா இது அடியால வந்ததில்ல.” வேதவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. வீட்டுக்கு வந்து பழைய துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: ‘மூணாங்கிளாஸ்லயே உன்ன செவிட்டுக் கன்னின்னுதான்யா கூப்புடுவோம். பாவம் அந்த இன்ஸ்பெக்டரு, செய்யாத வேலைக்கு நாப்பது வருசமாத் திட்டு வாங்கினான்.’ சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை. அன்று சாப்பிடவில்லை. யாரும் உடைக்கவில்லை என்பது எவ்வளவு அவமானம். எதிரி இல்லாத காயம். யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது, அம்மாவின் வயிற்றையா?

“பல்லைக் காட்டுங்க ஐயா!” மறுபடியுமா? காட்டினார். சிஸ்டர் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள், இந்த முறை அடுப்பைப் பார்ப்பவளைப் போல இல்லை. “கண்ணை இறுக்க மூடுங்க.” மூடினார், வலது கண்ணில் இருட்டு வந்தது, இடது கண்ணில் பச்சைத் துணி அப்படியே இருந்தது. மூடவில்லையே. ஏன் மூடவில்லை? நாக்கால் இடது பக்கத்து உதட்டைத் தேடினார். உதடு இருந்தது, அவருடையதாக இல்லை, வேறு யாருடைய உதட்டையோ தொட்ட மாதிரி. போச்சு. வாய் போச்சு. காது கிடக்கட்டும், காது என்றைக்கு இருந்தது, வாயல்லவா சொத்து. தன் குரல் எவ்வளவு ஓங்கி வருகிறது என்று தெரியாமலேயே பேசக் கற்றுக்கொண்ட வாய். கடைசி வரிசையில் நிற்கிறவனின் கழுத்தைப் பார்ப்பார், அவன் கழுத்து முன்னால் நீண்டால் சத்தம் பத்தவில்லை, பின்னால் சாய்ந்தால் சரியாக இருக்கிறது. அப்படி ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவன் கழுத்தை அளவுகோலாக வைத்துப் பேசிய வாய். அது கோணிப்போய், எச்சில் ஒழுகி, ‘தோழர்களே’ என்பது ‘தோவர்வளே’ என்று வந்தால்? எதிர்க்கட்சிக்காரன் வேண்டாம், அந்த டீக்காக வருகிறவனே சிரிப்பான். “மேடம், லெஃப்ட் சைடு வரல.” வேலை நின்றது. கருவிகள் தட்டில் வைக்கப்பட்டதை அவர் கேட்கவில்லை, தலைக்கு மேலிருந்த கைகளின் நிழல் விலகியதைப் பார்த்தார். பிறகு சிஸ்டரின் வாய் அவர் பக்கம் வந்தது. “ஐயா, பயப்படாதீங்க. நான் இன்னும் உள்ளயே போகலன்னு மேடம் சொல்றாங்க. முகத்து நரம்புக்கு மேல எல்லாருக்கும் எலும்பு மூடியிருக்கும். ஒரு கூரை மாதிரி. உங்களுக்கு அந்தக் கூரை இல்லாம பொறந்திருக்கு போல. அதனால மரக்குற மருந்து நேரா நரம்புல போய்ப் பட்டுருச்சு. ரெண்டு மணி நேரத்துல தானா சரியாயிடும்.” கூரை இல்லாமல். கன்னியப்பன் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். பயம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது, இன்னதென்று சொல்லத் தெரியவில்லை, முகம் தெரியாத ஒருவரைப் பற்றிக் கெட்ட செய்தி கேட்ட மாதிரி. அறுபத்திரண்டு வருஷமாக அவருடைய மண்டைக்குள் ஒரு ஜீவன் கூரை இல்லாமல் படுத்திருக்கிறது. அவர் கத்திய ஒவ்வொரு கத்தலுக்கும் வாயை இழுத்துக் கொடுத்தது அதுதான். நேற்று படிவத்தில் படிக்கிறவரை அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மறுபடி வேலை தொடங்கியது. நாக்கில் திடீரென்று துருப்பிடித்த இரும்பின் ருசி, லாக்கப்பில் கம்பியில் வாயை வைத்துக்கொண்டு நின்ற ருசி, இல்லை, அது ரத்தம், இது வேறு. “நாக்குல ஒரு மாதிரி இருக்குமாம், அது ஒண்ணும் செய்யாதாம்” என்றாள் சிஸ்டர். உள்ளே ஏதோ உரசியது. அதை அவர் நன்றாகக் கேட்டார், காதால் இல்லை, எலும்பால், யாரோ மண்டைக்குள் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி. பிறகு அதுவும் நின்றது. நீண்ட நேரம் எதுவும் நடக்கவில்லை. டாக்டர் முகக்கவசத்துக்குள் என்னமோ சொல்லிக்கொண்டே போனார், சிஸ்டரின் கண் விரிந்து விரிந்து சுருங்கியது. “ஐயா, நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அதுக்காகக் கேக்குறாங்க. நரம்பு அதோட பாதையில இல்ல. மேல ஓட வேண்டியது கீழ இறங்கி, அந்த வளைய எலும்பு மேலயே குறுக்கப் படுத்திருக்கு. மேடம் ஓட்டை போட வேண்டிய இடமும் அதுக்கு அடியிலதான் இருக்கு. அதைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, அந்தச் சந்துல செய்யலாம். சரியா வந்தா ரகசியம் பேசினாக்கூடக் கேக்கும். நூத்துல அறுபது, எழுபது நல்லா வரும். என்ன ஒண்ணுன்னா, இப்ப நரம்பு மரத்திருக்கு. தள்ளும்போது அதுக்கு வலிச்சா முகம் வெட்டி இழுக்கும், அதை வச்சுதான் கையை எடுப்பாங்க. இப்ப வெட்டாது. அடிபட்டாலும் தெரியாது. இன்னொரு நாள் முழு மயக்கத்துல, மெஷின் வச்சுப் பாத்துக்கிட்டே செய்யலாமான்னா, பாதை இப்படி இருக்கையில அப்பவும் இதே ஆபத்துதானாம். செய்யட்டுமா, மூடிடட்டுமா?” கொஞ்சம் தள்ளி. அவருக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்து கரைந்துவிட்டது, இந்த இரண்டு சொல் மட்டும் நின்றது. இதே இரண்டு சொல். கால்வாய்க்கரை வீடுகளுக்காகப் பேசப்போன அன்று அதிகாரியின் அறையில் மின்விசிறி ஓடியது, நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. அதிகாரி வரைபடத்தை விரித்துக் கால்வாய்க்கரை நெடுகச் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்து அவர் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னார்: “இது நீர்வழிப் பாதை தலைவரே. உங்க ஜனங்க நூத்தி நாப்பத்திரண்டு வீடும் பாதையில படுத்துக்கிட்டிருக்கு. ஆக்கிரமிப்பு. கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்றோம், அவ்வளவுதான்.” அவர்கள் அங்கே வந்து படுத்துக்கொள்ளவில்லை, அங்கேயே பிறந்தவர்கள் என்று இவர் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், மேஜையைத் தட்டித்தான் சொன்னார். அன்று வேதவல்லி கூட வரவில்லை, அவளுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் தவணை கேட்டு, கரைக்குப் போய்க் கூட்டம் போட்டு, ஒவ்வொரு வீட்டையும் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் நடத்திய எல்லாக் கூட்டத்திலும் அவரே வகுத்த விதி அது. ஆனால் பகல் பதினொரு மணி, கரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் பெயிண்ட் அடிக்கவும் போயிருப்பார்கள், எதிரே நாற்காலி, டீ, ‘தலைவரே’ என்ற மரியாதை. கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் தள்ளி என்பது முப்பத்தைந்து கிலோமீட்டராக இருந்தது. லாரியில் சாமான் ஏற்றிய அன்று மீன்காரி கெங்கம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாதிதான் விழுந்திருக்கும். அவர் காதருகே வந்து நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “எல்லாரும் வேலைக்குப் போன நேரமாப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்ட இல்ல தலைவரே.” அந்த ஒரு வாக்கியம் மட்டும் எந்த உறைந்த எலும்பையும் மதிக்காமல் உள்ளே போனது. இன்னும் வெளியே வரவில்லை.

“ஐயா, தூங்கிட்டீங்களா?” இல்லை என்று கையை அசைத்தார். ரகசியம் பேசினால்கூடக் கேட்கும். வேதவல்லி பேசுவது எல்லாமே இப்போது ரகசியம்தான். காலையில் ஆட்டோவில் வரும்போது ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், உதடு நிற்கவே இல்லை, இவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமல். நூற்றில் அறுபது எழுபது. நல்ல கணக்கு. அதிகாரிகளும் நல்ல கணக்குத்தான் சொன்னார்கள். மீதி முப்பது யார் என்று எந்தக் கணக்கிலும் பெயர் போடமாட்டார்கள். சரி, வாய்தானே, ஆடி முடித்த வாய்தானே, கோணிப்போனால் போகட்டும் என்று ஒரு மனசு. அவளுக்காக ஒரு பக்கத்து முகத்தைக் கொடுத்தான் என்று ஒரு துண்டறிக்கை போடலாம். அட, மறுபடி துண்டறிக்கையா. மறுபடி தியாகமா. அந்த ஆசை விடமாட்டேன் என்கிறதே. செய்யச் சொல்லலாம். வாயைத் திறந்து ‘செய்ங்கம்மா’ என்றால் போதும். ஆனால் அந்த நரம்பு மரத்துக் கிடக்கிறது. வலித்தாலும் சொல்லாது. கூரை இல்லாமல், பிறந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, இதுதான் என் பாதை என்று நம்பிக்கொண்டு. எல்லோரும் வேலைக்குப் போன நேரம். வேறு வழியே இல்லையா என்று கேட்டால் இருக்கிறது, அதுதான் வெட்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகாமில் கொடுத்த காது மெஷின், பீரோவில் பழைய துண்டறிக்கைகளுக்குப் பின்னால், பெட்டி பிரிக்காமல். உங்களுக்கு உள்நரம்பு நன்றாக இருக்கிறது, மெஷின் வைத்தால் அருமையாகக் கேட்கும் என்று டாக்டர் பர்வீனே முதல் நாள் சொன்னார். வேதவல்லி கெஞ்சினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். “மேடையில மெஷின் மாட்டிக்கிட்டுப் பேசினா எவன்டி மதிப்பான்? போலீஸ் உடைச்ச காதுடி இது” என்றார். மூன்று பேர் வருகிற கூட்டத்துக்கு. ஒருவன் டீக்காக வருகிற கூட்டத்துக்கு. அந்தக் கவுரவத்தைத் தள்ளி வைக்கமாட்டார், கூரையில்லாததைத் தள்ளச் சொல்வார். கன்னியப்பனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பாதி வாயால் பேசினார். இடது பக்கம் காற்று ஒழுகியது, சொற்கள் சப்பையாக விழுந்தன. “அம்மா. அது இருக்கட்டும்.” சிஸ்டர் குனிந்தாள். “எது ஐயா?” “நரம்பு. அதைத் தள்ளாதீங்க. அது ஆக்கிரமிப்பு இல்ல. அங்கேயே பொறந்தது. மூடிடுங்க.” டாக்டரின் கண்கள் முகக்கவசத்துக்கு மேலே அவரைப் பார்த்தன. டாக்டரின் பதிலை சிஸ்டர் உரக்கத் திருப்பிச் சொல்லக் காத்திருக்காமல் கன்னியப்பன் அந்தக் கண்களிலேயே படித்துக்கொண்டார். அதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

டிராலியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது தாழ்வாரத்தில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. வேதவல்லி பெஞ்சிலிருந்து எழுந்தாள். தலையில் கட்டு, இடது பக்கம் தொங்கின முகம், மூடாத கண்ணின் மேல் ஒட்டின பஞ்சு. பார்த்ததும் அவள் வாய் பெரிதாகத் திறந்தது. அலறுகிறாள் என்று தெரிந்தது. அலறல் வரவில்லை. “பயப்படாதீங்கம்மா, மருந்துனால வந்தது, மத்தியானத்துக்குள்ள போயிடும். கால் மணிக்கு ஒரு தடவை பல்லைக் காட்டச் சொல்லிப் பாருங்க, ரெண்டு பக்கமும் வந்ததும் வந்து சொல்லுங்க” என்றாள் சிஸ்டர். வேதவல்லி முந்தானையால் அவர் வாய் ஓரத்து எச்சிலைத் துடைத்தாள். அவள் உதடு அசையத் தொடங்கியது, நிற்காமல். கன்னியப்பன் தலையை ஆட்டப்போனார். ஆட்டவில்லை. கையை உயர்த்தி அவள் உதட்டின் மேல் வைத்தார். “கேக்கலடி. இந்தக் காது வேலைக்கு ஆகல, மூடிட்டாங்க. வீட்டுக்குப் போனதும் அந்த மெஷின எடு. பீரோல, பின்னால…” அவள் அவரையே பார்த்தாள். பிறகு தோளில் தொங்கின பையை இறக்கி, ஃபிளாஸ்க், துண்டு, பிரெட் பாக்கெட் எல்லாவற்றையும் டிராலியின் மேலேயே எடுத்துப் போட்டு, அடியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். பிரித்த பெட்டி. எப்போது பிரித்தாள்? வலது பக்கம் சுற்றி வந்து, ஏற்கெனவே பல தடவை செய்து பார்த்தவளைப் போல, இரண்டு விரலால் பிடித்து அவர் காதில் திருகினாள். கீ என்று ஒரு விசில். அவர் துள்ளினார். அதற்கப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது, டிராலி சக்கரம், யாரோ இருமுவது, எங்கோ ஒரு பாத்திரம் விழுவது, இவ்வளவு சத்தத்தோடா இந்த ஜனங்கள் வாழ்கிறார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவில், வெகு அருகில், உமியைக் கைக்குள் தேய்ப்பது மாதிரி ஒரு குரல். “புது பேட்டரியாப் போட்டுத்தான்யா ரெண்டு வருசமாப் பையிலயே தூக்கினு சுத்துறேன்.” அந்தக் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி வந்தது. “எங்க, பல்லைக் காட்டு.” கன்னியப்பன் காட்டினார். வலது பக்கம் மட்டும் வந்தது.